மணலில் முன்சக்கரம் மட்டும் புதைகிறது: ஆறு சக்கர ரோவர், யாராவது வழி சொல்லுங்கள்

பெருங்குடி_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3இன் விக்ரம் நிலவில் இறங்கியதை டிவியில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அதிலிருந்து இறங்கி ஓடிய பிரக்யான் ரோவர் மேல் பைத்தியம். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், எங்கள் சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான் என்பதால் வீட்டில் அது கொஞ்சம் கூடுதலாகவே ஏறிவிட்டது. இந்த வருடம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ரோவர்தான் செய்வேன் என்று நின்றாள், சரி என்று நானும் சேர்ந்து உட்கார்ந்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதத் தெரியும், இயந்திரம் என்றால் மிக்சி வரைக்கும்தான்.

செய்திருப்பது இதுதான். அரை இன்ச் பிவிசி பைப்பில் கால்கள், ஏழு செமீ விட்டமுள்ள பைப் மூடிதான் சக்கரம், ஆறு சக்கரத்துக்கும் ஆறு மஞ்சள் பிஓ மோட்டார் (பிளாஸ்டிக் கியர் வைத்தது), மோட்டார்களை ஓட்ட ஒரு எல்298என் டிரைவர் போர்டு, மூளைக்கு ஆர்டுயினோ ஊனோ போர்டு, ப்ளூடூத், இரண்டு 18650 ரீசார்ஜ் செல். மொத்தம் இரண்டே கால் கிலோவுக்கு மேல் இருக்கும். படங்களைப் பார்த்து ரோவர்களில் இருக்கும் ராக்கர்-போகி கால் அமைப்பு மாதிரிதான் கட்டினோம்: வண்டியின் ஒவ்வொரு பக்கமும் ஒரு பெரிய கை, அதன் முன்பக்கம் ஒரு சக்கரம், பின்பக்கம் ஒரு குட்டிக் கை, அதில் இரண்டு சக்கரம். பெரிய கையின் நட்டநடுவில் ஓட்டை போட்டுப் பெட்டியோடு சேர்த்தோம். போல்ட்டை லூசாக விட்டால் பெட்டி குப்புற விழுகிறது, அதனால் இரண்டு பக்கமும் நன்றாக இறுக்கிவிட்டேன்.

வீட்டு மொசைக் தரையில் ராஜா மாதிரி ஓடுகிறது. போன ஞாயிறு திருவான்மியூர் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். காய்ந்த மணலில் விட்டதும் முன்சக்கரம் இரண்டும் சுற்றிச் சுற்றித் தனக்குத்தானே குழி தோண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. சுண்டல் விற்கிற தம்பி வந்து “இது நண்டு பிடிக்கிற மெஷினாக்கா?” என்று கேட்டதில் மகள் முகம் சுண்டிப்போச்சு. வீட்டுக்கு வந்து ஒரு செங்கல் மேல் ஏற்றிப் பார்த்தால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது. நடுவில் ஆர்டுயினோ வேறு தானாக அணைந்து அணைந்து எழுகிறது.

ஒரு கடையில் கேட்டதற்கு ஆறு மோட்டாரையும் மாற்றுங்கள் என்றார்கள். அது பெரிய செலவு. அதைத்தான் செய்ய வேண்டுமா? கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கிறது.

ரிச்சி_ரவுண்டு

மேடம், கடைக்காரர் சொன்னது தப்பில்லை. மஞ்சள் மோட்டார் பொம்மைக் காருக்குத்தான் லாயக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.4 கிலோ என்று வைத்தால் எடை 23.5 நியூட்டன். 20 டிகிரி மணல் மேட்டில் அது கீழே இழுப்பது 8 நியூட்டன். மணலில் உருளும்போது வரும் தடை, வண்டி அந்தச் சாய்வை அழுத்தும் விசையில் கால் பங்கு என்று குத்துமதிப்பாக வைத்தால் இன்னொரு 5.5. ஆக 13.5 நியூட்டன், ஆறு சக்கரத்துக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 2.25. சக்கர ஆரம் 3.5 செமீ, பெருக்கினால் கிட்டத்தட்ட 0.8 கிலோ-செமீ டார்க், அதாவது சுழற்றும் திறன். இந்த மோட்டார் மூச்சுத்திணறி நின்றுபோகும் நிலையிலேயே ஒரு கிலோ-செமீ பக்கம்தான் கொடுக்கும். நிற்கிற மோட்டார் கரண்ட்டைக் குடித்துத் தள்ளும், செல்லில் வோல்டேஜ் படுத்துவிடும், ஆர்டுயினோ செத்துப் பிழைப்பது அதனால்தான். போதாக்குறைக்கு எல்298என் தன் பங்குக்கு இரண்டு வோல்ட்டை விழுங்கிவிடும்.

நம்ம சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ரிச்சி ஸ்ட்ரீட்டில் மெட்டல் கியர் மோட்டார் 30 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 30 சுற்று), 60 ஆர்பிஎம் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். நாலு கடை ஏறி இறங்கி வாங்குங்கள். முதல் கடையிலேயே வாங்கி நான் பட்டது போதும்.

அம்பத்தூர்_லேத்

அம்மா, ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காதீர்கள், ஒரு நாள் பொறுங்கள். முப்பது வருடம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவன் சொல்கிறேன், அளக்காமல் எதையும் மாற்றக் கூடாது. சமையலறையில் மாவு நிறுக்கிற டிஜிட்டல் தராசு இருக்கும் அல்லவா, அதை எடுங்கள். ஒரு சக்கரத்தைத் தராசின் மேல் வையுங்கள், மற்ற ஐந்துக்கும் கீழே தராசின் உயரத்துக்குச் சரியாகப் புத்தகம் அடுக்குங்கள். எண்ணைக் குறியுங்கள். இப்படி ஆறு சக்கரத்துக்கும். மகளையே செய்யச் சொல்லுங்கள்.

எண் வருவதற்கு முன்பே நான் சொல்லிவிடுகிறேன், முன்சக்கரத்தில் மற்றதைப் போல இரண்டு மடங்காவது இருக்கும். காரணம் அந்த நட்டநடு ஓட்டை. பெரிய கையைப் பூங்காவில் இருக்கும் சீசா பலகை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தாங்கினால் இரண்டு நுனியிலும் பாதிப் பாதி எடை. முன் நுனியில் இருப்பது ஒரே சக்கரம், பாதி எடையும் அதன் தலையில். பின் நுனியில் குட்டிக் கை, அதில் இரண்டு சக்கரம், அதனால் அந்தப் பாதி மறுபடி பாதியாகிக் கால் கால் ஆகிறது. ஒரு பக்கத்துக்கு 1200 கிராம் என்றால் 600, 300, 300. செல்லையும் முன்னால் வைத்திருந்தால் இன்னும் மோசம். மூன்றும் சமமாக 400 வேண்டுமென்றால் பின் நுனி 800 தாங்க வேண்டும், முன் நுனி 400. எடை இரண்டு மடங்கு என்றால் தூரம் பாதி. அதாவது ஓட்டை குட்டிக் கையின் ஊசிப் பக்கம் (குட்டிக் கை பெரிய கையோடு சேர்ந்து சுழலும் இடம்) தள்ளி இருக்க வேண்டும். முன் அச்சிலிருந்து குட்டிக் கை ஊசி வரை 18 செமீ என்றால் முன்னாலிருந்து 12, பின்னாலிருந்து 6. மூன்று சக்கரமும் சம இடைவெளியில் இருந்தால் அந்த ஓட்டை நடுச் சக்கரத்துக்கு நேர் மேலே வரும், வந்தால் சரியாக அளந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பெட்டியின் எடை மையமும் அந்த ஓட்டைக்கு நேர் மேலே நிற்க வேண்டும், செல்லை முன்னே பின்னே நகர்த்தி அதைச் சரிசெய்யலாம்.

இரண்டாவது, போல்ட்டை இறுக்கியது. அதைச் செய்த நிமிடமே ராக்கர்-போகி செத்துவிட்டது அம்மா. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாலு கால் மேசை ஆடும், ஒரு காலுக்கடியில் பேப்பர் மடித்து வைப்போமே. பெட்டியையும் இரண்டு கையையும் ஒன்றாக இறுக்கினால் அது நாலு கால் மேசைதான், அதனால்தான் செங்கல்லில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. போல்ட் லூசாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் பெட்டி விழாமல் பிடிக்க ஒரு டிஃபரன்ஷியல் பட்டை வேண்டும். பெட்டியின் மேல் குறுக்காக ஒரு அலுமினியப் பட்டை, நடுவில் ஒரே போல்ட்டில் சுழல்வது மாதிரி. அதன் இரண்டு நுனியையும் இரண்டு பெரிய கைகளோடு இணைக்க வேண்டும், சைக்கிள் ஸ்போக்கை இரண்டு முனையிலும் வளைத்துக் கொக்கி ஆக்கினாலே போதும். இடது கை மேலே போனால் பட்டை திரும்பி வலது கையைக் கீழே அழுத்தும். பெட்டி இரண்டுக்கும் சராசரியாக நிற்கும், ஒரு பக்கம் 20 டிகிரி தூக்கினால் பெட்டி 10 டிகிரிதான் சாயும். செவ்வாயில் ஓடும் நாசாவின் கியூரியாசிட்டி ரோவரின் மேல்தட்டில் குறுக்கே ஒரு பட்டை தெரியுமே, அது இதுதான். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போடுங்கள், சாதா நட்டு நாலு ஓட்டத்தில் கழன்றுவிடும்.

ஆறில்_ஒன்று

எல்லாரும் பூமிக்குக் கணக்குப் போடுகிறீர்கள். நிலவில் ஈர்ப்பு முடுக்கம் 1.62, இங்கே 9.8. எடை ஆறில் ஒன்று. அங்கே இதே மஞ்சள் மோட்டார் பறக்கும், மேடும் சும்மா ஏறும். கண்காட்சியில் “நிலவில் வேலை செய்யும்” என்று எழுதிவிட்டால் முடிந்தது 😄

தாம்பரம்_ரோவர்

அண்ணா, பாதி சரி, பாதி தப்பு, கண்காட்சிக்கு வரும் ஜட்ஜ் அந்தத் தப்புப் பாதியைத்தான் பிடிப்பார். (நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், காலேஜ் ரோவர் டீமில் சக்கரம் என் பொறுப்பு.)

மோட்டாருக்குச் சுமை குறையும் என்பது சரி. மேடு சும்மா ஏறும் என்பதுதான் தப்பு. சாய்தளத்தில் கீழே இழுக்கும் விசையும் எடையிலிருந்து வருகிறது, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் உராய்வும் அதே எடையிலிருந்து வருகிறது. இரண்டும் ஆறில் ஒன்றாகக் குறைந்தால் வழுக்கும் கோணம் அப்படியே இருக்கும், சமன்பாட்டில் ஈர்ப்பு முடுக்கம் இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகும். இங்கே 20 டிகிரியில் வழுக்குகிற சக்கரம் அங்கேயும் ஏறத்தாழ 20 டிகிரியில் வழுக்கும். மணல்மணிகளும் அங்கே லேசாகிவிடுவதால் ஒன்றையொன்று அழுத்திப் பிடிப்பதும் குறைவு. நிறை மட்டும் குறையாது. 26 கிலோ பிரக்யானை ஓட்டத்தில் நிறுத்த வேண்டிய நிலைமம் இங்கே எவ்வளவோ அங்கேயும் அவ்வளவு, பிடித்து நிறுத்தும் உராய்வு மட்டும் ஆறில் ஒன்று. வேகமாகப் போய் ஒரு கல்லில் இடித்தால் அங்கே குட்டிக்கரணம் அடிப்பது இன்னும் சுலபம். பிரக்யான் விநாடிக்கு 1 செமீ மட்டும் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 50 வாட் சூரியத்தகடும், வழியைப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டியதும் மற்ற காரணங்கள்.

பூமியில் சோதிக்கும்போது எடையைக் குறைத்துத்தான் சோதிக்கிறார்கள். கியூரியாசிட்டி 899 கிலோ. அதற்கு ஸ்கேர்குரோ என்று ஒரு சோதனை வண்டி வைத்திருக்கிறார்கள், மூளையே இல்லாத சோளக்கொல்லை பொம்மை. கம்ப்யூட்டர், கருவி எல்லாம் கழற்றிவிட்டதால் செவ்வாயில் அசல் வண்டி தரையை எவ்வளவு அழுத்துமோ ஏறத்தாழ அவ்வளவுதான் இது இங்கே அழுத்தும்.

அக்கா, உங்கள் மணல் பிரச்சினைக்கு லேத் ஐயா சொன்னதுதான் முதல் வேலை. எடை ஏறிய சக்கரம் புதைகிறது, எடை இல்லாத சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லை, அதனால் பின்னாலிருந்து தள்ள வேண்டியவை சும்மா சுற்றுகின்றன. அதற்கு மேல் நீங்கள் ஆக்சிலரேட்டரைக் கூட்டியிருப்பீர்கள், அதுதான் எல்லாரும் செய்வது. மணலில் சக்கரம் வழுக்கிய ஒவ்வொரு சுற்றும் அடியிலிருந்து மணலை அள்ளிப் பின்னால் எறிகிறது. 2009இல் நாசாவின் ஸ்பிரிட் ரோவர் செவ்வாயில் மாட்டியது மேலே பொறுக்கு மாதிரி இருந்த மண் உடைந்து அடியில் இருந்த இளக மண்ணில்தான். ஏற்கெனவே 2006இல் அதன் வலது முன்சக்கரம் நின்றுபோயிருந்தது. பூமியில் மண் தொட்டி கட்டி ஒத்திகை பார்த்து மாதக்கணக்கில் முயன்றும் வெளியே எடுக்க முடியவில்லை, 2010 மார்ச்சுக்குப் பிறகு பேச்சே இல்லை. ரிச்சி அண்ணா சொன்ன 30 ஆர்பிஎம்மில் டார்க்கைவிட எனக்குப் பிடித்தது அதன் மெதுதான். உங்கள் மஞ்சள் மோட்டார் 200 ஆர்பிஎம் வகையாக இருந்தால் விநாடிக்கு 70 செமீ ஓடும், இது ரோவரே இல்லை, ஆட்டோ.

வழுக்கலை அளக்க ஒரு வழி இருக்கிறது, ஜட்ஜுக்கும் பிடிக்கும். சக்கரத்தின் விளிம்பில் ஒரே ஒரு இடத்தில் எம்-சீலில் ஒரு மேடு ஒட்டுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் மணலில் ஒரு தடம் விழும். 7 செமீ விட்டத்துக்குச் சுற்றளவு 22 செமீ, வழுக்காமல் போனால் தடத்துக்குத் தடம் 22 இருக்க வேண்டும். 11 இருந்தால் பாதிச் சுற்று வீண். கியூரியாசிட்டி சக்கரத்தில் இதற்காகவே ஓட்டைகள் இருக்கின்றன, தடத்தைப் பார்த்து எவ்வளவு தூரம் போனோம் என்று அதுவே கணக்குப் போட. அந்த ஓட்டைகளை ஜேபிஎல் என்று, அதாவது அதைச் செய்த நாசா ஆய்வகத்தின் பெயரை, மோர்ஸ் குறியீட்டில் போட்டுக்கொண்டது அவர்கள் குசும்பு. மூடிச் சக்கரம் வழவழவென்று இருப்பதால் குறுக்கே சின்னச் சின்னப் பட்டைகளும் ஒட்டுங்கள், ஐஸ் குச்சியை உடைத்து ஒட்டினாலும் சரி.

அப்புறம், கடற்கரை மணல் அலையில் உருண்டு உருண்டு மழுங்கிப்போனது, குண்டுமணி மாதிரி ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். நிலவு மண்ணை உருட்ட அங்கே காற்றும் இல்லை தண்ணீரும் இல்லை, கூர்கூராக இருக்கும். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் அந்த விஷயத்தில் கொஞ்சம் கிட்டே வரும், பெருங்குடியில் எந்தத் தெருவில் வீடு கட்டவில்லை? ஒரு சாக்கு கேட்டு வாங்குங்கள். இஸ்ரோ நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கம் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறையை அரைத்துத்தான் சோதனைக்கு நிலவு மண் செய்தது, அதையும் சார்ட்டில் ஒரு வரி எழுதலாம்.

ஆறில்_ஒன்று

சரி தம்பி, ஒத்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பில் இயற்பியலில் நான் ஏன் 41 வாங்கினேன் என்று இப்போது புரிகிறது.

பெருங்குடி_அம்மா

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். ஐயா, நீங்கள் சொன்ன மாதிரி தராசு வைத்தோம். இட்லி அரிசி நிறுக்கிற தராசுதான். இடது பக்கம் 690, 260, 250. வலது பக்கம் 670, 270, 260. செல்கள் முன்னால்தான் இருந்தன. எண்ணைப் பார்த்துவிட்டு மகள் ஐந்து நிமிடம் பேசவே இல்லை, பிறகு “நம்ம வண்டி இவ்வளவு நாள் ரெண்டு காலில் நடந்திருக்கும்மா” என்றாள்.

ஓட்டையை 12 செமீக்கு மாற்றினோம், செல் பெட்டியைப் பின்னால் தள்ளினோம். பட்டைக்கு அலுமினியம் தேடி அலையாமல் பழைய ஜன்னல் திரைக் கம்பியின் தட்டையான துண்டு ஒன்றைப் போட்டோம், ஸ்போக் தெருமுனை சைக்கிள் கடையில் சும்மாவே கொடுத்தார்கள். முதல் தடவை ஸ்போக்கைத் தலைகீழாக மாட்டி, ஒரு கை ஏறினால் இன்னொன்றும் ஏறுகிற மாதிரி ஆகிவிட்டது, பெட்டி சலாம் போட்டது. அவிழ்த்து மறுபடி மாட்டினோம். இப்போது எல்லாச் சக்கரமும் 400க்கும் 420க்கும் நடுவில்.

எம்-சாண்டை மொட்டை மாடியில் கொட்டி எம்-சீல் தடம் அளந்தோம். மாற்றுவதற்கு முன் ஒரு தடவை ஓட்டி அளந்திருந்தோம், 9 செமீ. அதாவது 22இல் 13 வீண். இப்போது அதே மோட்டார், வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஐஸ் குச்சி ஒட்டி, 17 செமீ. மோட்டார் ஒன்றுகூட மாற்றவில்லை ரிச்சி சார், ஆனால் ஆர்டுயினோவுக்குத் தனியாக ஒரு பக் கன்வர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்து நிலையாகக் கொடுக்கும் சின்ன போர்டு) போட்டேன், அணைவது நின்றுவிட்டது. செங்கல்லும் ஏறுகிறது, மெதுவாக, முன்சக்கரம் செங்கல் முகத்தில் ஒட்டிக்கொண்டு ஏறும்போது பின்னால் இருப்பவை தள்ளுவது கண்ணுக்கே தெரிகிறது.

புதுத் தலைவலி ஒன்று: நேராகப் போகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் முன்னும் மறுபக்கம் பின்னும் சுற்ற வைத்தால் நின்ற இடத்திலேயே உதறுகிறது, மோட்டார் சூடாகிறது. முன் அச்சிலிருந்து பின் அச்சு 24 செமீ, அகலம் 16.

ரிச்சி_ரவுண்டு

தராசு ஐடியா சூப்பர், நானே என் வண்டியை நிறுத்துப் பார்க்கப் போகிறேன். பக் கன்வர்ட்டரோடு மோட்டார் லைனில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

அம்பத்தூர்_லேத்

சந்தோஷம் அம்மா. பெண்ணுக்கு என் வாழ்த்து சொல்லுங்கள், அளந்தவள் அவள்தானே.

திரும்பாததற்குக் காரணம் அந்த 24க்கு 16. வண்டி நின்ற இடத்தில் திரும்பும்போது முன்னும் பின்னும் இருக்கும் நாலு சக்கரமும் உருளாது, பக்கவாட்டில் மணலைத் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். நீளம் கூடக்கூடத் தேய்க்கும் சக்கரத்துக்கு நெம்புகோல் கை நீளம், அகலம் குறையக்குறையத் திருப்புகிற சக்கரத்துக்குக் கை குட்டை. இரண்டும் உங்களுக்கு எதிராக இருக்கிறது. பிரக்யானும் இப்படித்தான் திரும்பியது, ஒரு பக்கம் வேகம் மறுபக்கம் மெது, சக்கரம் தனியாகத் திரும்பாது. அது கிட்டத்தட்ட 90 செமீ நீளம், 75 அகலம். கியூரியாசிட்டியில் நாலு மூலைச் சக்கரத்துக்கும் தனியாகத் திருப்பும் மோட்டார் உண்டு, அந்த வேலையெல்லாம் இப்போது வேண்டாம். பெட்டிக்கும் கைக்கும் நடுவில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு செமீ வாஷரோ பைப் துண்டோ வைத்து அகலத்தை 20 ஆக்குங்கள், குறுக்குப் பட்டையையும் அதற்கேற்ப நீட்ட வேண்டும். நின்ற இடத்தில் திருப்பாமல் ஓட்டத்திலேயே வளைத்துத் திருப்பப் பழகச் சொல்லுங்கள். அகலப்படுத்தியதும் மறுபடி ஒரு தடவை தராசில் ஏற்றுங்கள்.

பெருங்குடி_அம்மா

ஏற்றியாச்சு ஐயா, 405லிருந்து 425 வரை. அகலம் 20 வைத்ததும் வளைந்து திரும்புகிறது. மகள் எம்-சீல் மேட்டுக்குப் பதில் தன் பெயரின் முதல் எழுத்தை வைத்திருக்கிறாள், அது மணலில் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பி விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி திருவான்மியூர் போகிறோம், அந்தச் சுண்டல் தம்பி கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறாள்.